குட்டிப் பேனாவுக்குள் ஒரு கன்வெர்ட்டர்

மை அடைத்து வரும் கார்ட்ரிட்ஜைப் போட்டு எழுதும் பேனாவை, புட்டியிலிருந்து மை உறிஞ்சும் பேனாவாக மாற்றித் தரும் சிறு குழலுக்குக் கன்வெர்ட்டர் என்று பெயர். கார்ட்ரிட்ஜ் உட்காரும் இடத்தில்தான் அதுவும் உட்காரும். முன்புறம் கார்ட்ரிட்ஜுக்கு இருப்பது போன்ற வாய். பின்புறம் ஒரு திருகோ அழுத்துபட்டையோ இருக்கும். நிப்பை மைக்குள் முக்கித் திருகினால் பிஸ்டன் பின்னால் போகும், மை மேலே ஏறும். முழு நீளப் பேனாக்களில் இதில் சிக்கல் ஏதும் இல்லை. கடையில் கேட்டு வாங்கிச் செருகினால் வேலை முடிந்தது. ஐம்பது, அறுபது ஆண்டுப் பழைய குட்டிப் பேனாக்களில்தான் வேலை இழுக்கிறது. சிலவற்றில் வாய் பொருந்தாது. சிலவற்றில் வாய் பொருந்தினாலும் நீளம் இடிக்கும். இரண்டும் சரியாக அமைந்து, மையும் நிறைய இருக்கும்போதே பாதிப் பக்கத்தில் எழுத மறுக்கும் பேனாக்களும் உண்டு. இந்த மூன்றாவது கோளாறுக்குக் காரணம் அளவுப் பிழையல்ல. குறுகிய குழலுக்குள் திரவம் நடந்துகொள்ளும் விதம்.

கார்ட்ரிட்ஜ் கன்வெர்ட்டருக்கு மூத்தது. பிரான்சில் ஜிஃப்-வாட்டர்மேன் நிறுவனம் 1936-இல் கண்ணாடிக் கார்ட்ரிட்ஜை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜோடு வாட்டர்மேன் சி/எஃப் பேனா 1950-களில் வந்தபின் மற்ற நிறுவனங்களும் அதே வழிக்கு மாறின. புட்டி மையை விட மனமில்லாதவர்களும் இருந்தார்கள். கார்ட்ரிட்ஜும் போடலாம், வேண்டுமானால் புட்டி மையும் உறிஞ்சலாம் என்று இரண்டுக்கும் இடம் கொடுத்து 1960-இல் பார்க்கர் 45 வந்தது. வடிவமைப்பு கார்ட்ரிட்ஜுக்காகத்தான், கன்வெர்ட்டர் பிறகு சேர்ந்த விருந்தாளி என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. ஒரு கார்ட்ரிட்ஜுக்கு எவ்வளவு இடம் தேவையோ அவ்வளவுதான் பேனாவின் உடலில் விடப்பட்டது. பேனா சிறிதாகச் சிறிதாக, விருந்தாளிக்கு இடம் இல்லாமல் போயிற்று.

இடம் இல்லாமல் போனதை நன்றாகக் காட்டுபவை ஜப்பானின் சட்டைப்பைப் பேனாக்கள். 1960-களிலும் 1970-களிலும் பைலட், பிளாட்டினம், செய்லர் மூன்றும் இவற்றைப் பெருமளவில் செய்தன. மூடியபோது ஏறக்குறைய 12 செ.மீ. நீளம்தான் இருக்கும். மூடி மிக நீளம், உடல் மிகக் குட்டை. மூடியைக் கழற்றிப் பின்னால் மாட்டினால் பேனா சட்டென்று முழு நீளத்துக்கு வந்துவிடும். பைலட்டின் எலீட் எஸ் 1968-இல் வெளிவந்தது. மறு ஆண்டு தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓஹாஷி கியோசென் பொருளற்ற சொற்களை அடுக்கி அதற்கு நடித்த விளம்பரம் ஜப்பான் முழுதும் பேச்சானது. 1971-இல் நிப்பும் அதைத் தாங்கும் கழுத்தும் ஒரே எஃகுத் துண்டாக அமைந்த பைலட் மியூ 701 வந்தது. அந்தக் காலத்தில் அங்கே தங்க நிப்புக்குப் பெரும் போட்டி. 14 காரட்டில் தொடங்கி 18, அதற்கும் மேலே என்று போனார்கள். அந்தப் போட்டியின் மிச்சம்தான், இன்று பழைய பேனாச் சந்தையில் ஒப்பீட்டளவில் மலிவாகக் கிடைக்கும் நல்ல தங்க நிப்புப் பேனாக்கள். வாங்கியவர் வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்க்கும்போதுதான் கன்வெர்ட்டர் பிரச்சினை தலைகாட்டுகிறது.

முதலில் பார்க்கவேண்டியது வாய். பேனாவின் கழுத்துப் பகுதியைத் திருகிக் கழற்றிப் பின்பக்கமாக நோக்கினால் உள்ளே ஒரு சிறு முளை நீட்டிக்கொண்டிருக்கும். கார்ட்ரிட்ஜின் அடைப்பைத் துளைப்பதும், அதன் வாயை இறுகப் பிடித்துக்கொள்வதும் இந்த முளைதான். ஐரோப்பியப் பேனாக்களில் பெரும்பான்மை ஒரே பொது அளவுக்கு வந்துவிட்டன. அந்தப் பொது அளவுக் கார்ட்ரிட்ஜின் குட்டை வடிவம் சுமார் 38 மி.மீ. நீளம், 0.8 மி.லி.-க்குச் சற்றுக் குறைவாக மை பிடிக்கும். ஜப்பானிய நிறுவனங்கள் மூன்றும் மூன்று வழி. பைலட்டின் கார்ட்ரிட்ஜுக்கு வாய் அகலம், கொள்ளளவு 0.9 மி.லி. பிளாட்டினம் கார்ட்ரிட்ஜின் வாயை ஒரு சிறு எஃகுக் குண்டு அடைத்திருக்கும். பேனாவில் அழுத்தினால் குண்டு உள்ளே விழுந்து, மையோடு உருண்டுகொண்டிருக்கும். செய்லருக்குத் தனி அளவு. ஒன்றின் கன்வெர்ட்டரை இன்னொன்றில் வலிந்து திணித்தால், அன்றைக்கு உட்கார்ந்தது போலத் தெரியும். ஓரிரு வாரத்தில் கசியும். அதைவிட மோசம், முளையைச் சுற்றியுள்ள பழைய பிளாஸ்டிக் வளையத்தில் மயிரிழை விரிசல் விழுவது. கன்வெர்ட்டர் போனால் வேறு வாங்கலாம், பழைய கழுத்து போனால் வேறு கிடைக்காது.

பிளாட்டினம் பேனாக்களில் பொது அளவுக் கார்ட்ரிட்ஜைப் பொருத்த உதவும் இணைப்புத் துண்டு ஒன்றை அந்த நிறுவனமே விற்கிறது. அதைப் போட்டு, அதன்மேல் பொது அளவுக் குட்டைக் கன்வெர்ட்டரை மாட்டுவது பலரும் செய்யும் வழி. வாய்ப் பிரச்சினை தீரும். ஆனால் இணைப்புத் துண்டு தன் பங்குக்குச் சில மில்லிமீட்டரைத் தின்றுவிடும். சட்டைப்பைப் பேனாவில் அந்தச் சில மில்லிமீட்டர்தான் கையிருப்பே.

அடுத்தது நீளம். இதைக் கண்ணால் மதிப்பிடக் கூடாது, அளக்க வேண்டும். மெல்லிய மூங்கில் குச்சியை உடலின் திறந்த வாய் வழியாக அடிவரை விட்டு, விளிம்பில் நகத்தால் பிடித்து எடுத்து அளந்தால் உடலின் உள் ஆழம் தெரியும். அதிலிருந்து, கழுத்தின் மரை உடலுக்குள் போகும் நீளத்தைக் கழிக்க வேண்டும். கன்வெர்ட்டரை முளையில் முழுதாக அழுத்தியபின், கழுத்தின் பின்விளிம்புக்கு வெளியே அது எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று தனியாக அளக்க வேண்டும். இரண்டாவது அளவு முதலாவதைவிட ஒரு மில்லிமீட்டராவது குறைவாக இருந்தால்தான் நிம்மதி. திருகுக் கன்வெர்ட்டராக இருந்தால், பிஸ்டன் முழுக்கப் பின்னால் வந்த நிலையில் அளப்பது அவசியம். சில வகைகளில் திருகுத் தலையும் கூடவே பின்னால் நீளும். உடலின் அடி பெரும்பாலும் கூம்பிப் போகும் என்பதால் விட்டத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது. மயிரிழை அளவில் இடிக்கும் கன்வெர்ட்டரை உடலோடு சேர்த்துத் திருகினால், உடலின் அடி திருகுத் தலையைப் பற்றித் திருப்பிவிடும். பிஸ்டன் முன்னால் நகர்ந்து, மை நிப்பு வழியாக விரலில் வந்து நிற்கும். இப்படி நடக்கும்போது கன்வெர்ட்டர் கசிகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள்.

முழு நீளத் திருகுக் கன்வெர்ட்டர் 7 செ.மீ.-க்கும் மேல் இருக்கும் என்பதால் குட்டிப் பேனாவில் அதற்கு வேலையில்லை. பைலட்டின் பொத்தான் வகையான கான்-70 நிறைய மை பிடிக்கும் என்று பெயர் பெற்றது. அதுவும் இங்கே நுழையாது. குட்டை வகைகளைத்தான் நாட வேண்டும். அங்கே ஒரு கசப்பான கணக்கு காத்திருக்கிறது.

50 மி.மீ. நீளமுள்ள ஒரு திருகுக் கன்வெர்ட்டரை எடுத்துக்கொள்வோம். வாய்ப்பகுதிக்கும் பிஸ்டனின் ரப்பர் வளையத்துக்கும் சேர்த்து 10 மி.மீ. போய்விடும். மிச்சம் 40. பிஸ்டன் பின்னால் வரும்போது அதன் தண்டு ஒதுங்க, அது நகரும் தூரத்துக்குச் சமமான இடம் பின்னால் வேண்டும். ஆக 40-இல் பாதி தண்டுக்கு, பாதி மைக்கு. உட்குழலின் விட்டம் 4.5 மி.மீ. என்றால் ஒவ்வொரு 10 மி.மீ. நீளத்திலும் 0.16 மி.லி. மைதான் நிற்கும். 20 மி.மீ.-க்கு 0.32 மி.லி. அதே நீளத்தில் இயந்திரம் ஏதுமில்லாத வெற்றுக் குழல் இருந்தால் இதைப்போல் இருமடங்குக்கு மேல் பிடிக்கும். பைலட்டின் இன்றைய குட்டைக் கன்வெர்ட்டரான கான்-40-இன் கொள்ளளவு 0.4 மி.லி.; அதே பேனாவில் உட்காரும் கார்ட்ரிட்ஜுக்கு 0.9. கன்வெர்ட்டர் எவ்வளவு குட்டையாகிறதோ அவ்வளவுக்கு அதில் மையின் பங்கும் குறைகிறது. வாயும் பிஸ்டனும் கேட்கும் அந்த 10 மி.மீ. எந்த அளவுக் கன்வெர்ட்டரிலும் குறையாத செலவு.

இந்த நட்டத்திலிருந்து பாதியாவது தப்பியது அழுத்து வகை. உலோகச் சட்டத்துக்குள் ஒரு ரப்பர் பை. சட்டத்தில் ஒரு பட்டை. பட்டையை அழுத்தினால் பை நசுங்கும், விட்டால் விரிந்து மையை உறிஞ்சும். தண்டு ஒதுங்க இடம் வேண்டியதில்லை. பைலட்டின் கான்-20 இந்த இனம். எலீட் வரிசைச் சட்டைப்பைப் பேனாக்களில் பெரும்பாலானவற்றில் சொல்லிவைத்தாற்போல் உட்காரும். இதன் உற்பத்தி நின்றுவிட்டதால் பழைய இருப்புக்கு இப்போது கிராக்கி. இதற்கும் குறை உண்டு. ஒரே அழுத்தில் பையிலுள்ள காற்று முழுவதும் வெளியேறாது. எனவே ஒரே இழுப்பில் பை நிறையாது. பார்க்கர் 51-இன் அழுத்து வகையில் பைக்குள்ளே ஒரு மெல்லிய மூச்சுக்குழாய் அடிவரை போகும். அழுத்தும்போதெல்லாம் மேலே தேங்கிய காற்று அதன் வழியாக வெளியேற, திரும்பத் திரும்ப அழுத்தினால் மை நிறையும். சிறு கன்வெர்ட்டரில் அந்தக் குழாய் இல்லை. அதில் கையாளும் உத்தி வேறு: ஒருமுறை உறிஞ்சியபின் நிப்பை மேல்நோக்கிப் பிடித்து, காற்று மட்டும் வெளியேறி, நிப்புக்கு அடியிலுள்ள நாக்கில் மை தலைகாட்டும்வரை மெல்ல அழுத்த வேண்டும். விரலைத் தளர்த்தாமலே பேனாவைக் கவிழ்த்து மையில் முக்கி விடவேண்டும். பழகிவிட்டால் பை முக்கால்வாசிக்கு மேல் நிறைந்துவிடும். எவ்வளவு மை மிச்சமிருக்கிறது என்று மட்டும் வெளியிலிருந்து பார்க்க வழியில்லை.

இனி, மை இருந்தும் எழுதாத பேனா. நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கில் மை வர மெல்லிய பிளவும் காற்று போக ஒரு வழியும் உண்டு. எழுத எழுத மை வெளியேறும். உள்ளே அழுத்தம் சற்றுக் குறையும். அதை ஈடுசெய்யக் காற்று ஒரு குமிழியாக நாக்கு வழியே ஏறிக் குழலுக்குள் நுழையும். அந்தக் குமிழி மைக்கு மேலே மிதந்து போனால்தான் அடுத்த மை கீழே இறங்கும். அகலமான குழலில் இது தானாக நடக்கும். குறுகிய குழலில் குமிழி குழலின் முழு அகலத்தையும் அடைத்து வாயருகிலேயே நின்றுவிடும். மேலே மை, நடுவே காற்று, கீழே வறண்ட நாக்கு.

எவ்வளவு குறுகலாக இருந்தால் குமிழி நிற்கும் என்பதற்குத் தெளிவான விடை இருக்கிறது. எஃப். பி. பிரெதர்ட்டன் 1961-இல் வெளியிட்ட ஆய்வில், மேல்முனை மூடிய செங்குத்துக் குழலுக்குள் நீண்ட குமிழி எப்போது ஏறும், எப்போது ஏறாது என்பதைக் கணித்துக் காட்டினார். திரவத்தின் எடை குமிழியை மேலே தள்ளப் பார்க்கும். பரப்பு இழுவிசை அதை இருந்த இடத்தில் பிடித்துவைக்கப் பார்க்கும். ஒரு எல்லை விட்டத்துக்குக் கீழே பரப்பு இழுவிசை வென்றுவிடும். தூய நீருக்கு அந்த எல்லை ஏறக்குறைய 5 மி.மீ. மையில் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள்கள் கலந்திருப்பதால் எல்லை 4 மி.மீ.-ஐ ஒட்டி இறங்கும். குட்டைக் கன்வெர்ட்டர்களின் உட்குழல் பெரும்பாலும் இந்த எல்லையைச் சுற்றித்தான் வட்டமிடுகிறது. அதனால்தான் ஒரே கன்வெர்ட்டர் ஒரு மையில் ஒழுங்காக எழுதி, இன்னொரு மையில் மக்கர் செய்கிறது. பேனாவை ஒரு தட்டுத் தட்டினால் குமிழி உடைந்து ஏறும், இன்னும் கால் பக்கம் எழுதலாம். தட்டித் தட்டி எழுதுவதற்கு யாரும் தங்க நிப்பு வாங்குவதில்லை.

இதற்கு மாற்று உண்டு. குழலுக்குள் அசையும் சிறு பொருள் ஒன்று இருந்தால் பேனா சாயும்போதெல்லாம் அது மையின் பரப்பைக் குலைத்துவிடும். கான்-40-க்குள் சிறு எஃகுக் குண்டுகள் போடப்பட்டிருப்பது இதற்காகத்தான். பிளாட்டினம் கார்ட்ரிட்ஜின் குண்டு அடைப்பானாக வந்து கலக்கியாக வாழ்கிறது. குண்டில்லாத கன்வெர்ட்டரில் துருப்பிடிக்காத எஃகுக் குண்டு ஒன்றை வாய் வழியாகப் போட்டுவிடலாம். வாயை அடைத்துக்கொள்ளும் அளவில் மட்டும் அது இருக்கக் கூடாது. குண்டு தேடுவதற்கு முன் செய்யவேண்டியது ஒன்று: புதுக் கன்வெர்ட்டரைப் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டுக் கலந்த நீரால் நன்றாக அலசுவது. தயாரிப்பின்போது உட்சுவரில் ஒட்டிய எண்ணெய்ப் பசை மையை ஒட்டவிடாமல் தள்ளும். அது போனாலே பாதிப் பேனாக்கள் சரியாகிவிடும். பிஸ்டனின் உயவும் இதில் போகும் என்பதால் அலசியபின் ரப்பர் வளையத்தில் சிலிகான் கிரீஸ் மிகக் கொஞ்சம் தொட்டுவைக்க வேண்டும்.

கடையில் எதுவுமே பொருந்தாதபோது கையாலேயே ஒன்று செய்துகொள்ளும் வழக்கம் பழைய பேனா பழுது பார்ப்போரிடம் உண்டு. அந்தப் பேனாவுக்கே உரிய காலிக் கார்ட்ரிட்ஜ் ஒன்றை எடுத்து, வாய்ப்பக்கம் ஒரு சென்டிமீட்டர் மட்டும் விட்டு மிச்சத்தை நறுக்கிவிடுகிறார்கள். வெட்டிய விளிம்பை மெல்லிய உப்புத்தாளில் வழவழப்பாக்க வேண்டும். பிசிறு இருந்தால் ரப்பரைக் கிழிக்கும். பிறகு அதன்மேல் பழைய நெம்புகோல் பேனாக்களுக்கான ரப்பர் பையை மாட்டி ஒட்டுகிறார்கள். இந்தப் பைகளுக்கு எண்தான் அளவு. எண் என்பது வெளிவிட்டத்தை அங்குலத்தில் 64-இல் ஒரு பங்காகச் சொல்வது. 16-ஆம் எண் பை கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. உடலின் உள்விட்டத்தைவிடப் பை சற்று ஒல்லியாக இருக்க வேண்டும். உரசினால் உடலைத் திருகும்போது முறுக்கிக்கொள்ளும். பை உடலின் அடியைத் தொடாத நீளத்தில் நறுக்குவதும் முக்கியம். மாட்டி முடித்தபின் வெளியே முகப்பவுடர் தடவி விட்டால் ஒட்டிக்கொள்ளாது. உடலைக் கழற்றிப் பையை விரலால் நேராக அழுத்தி மை உறிஞ்ச வேண்டியதுதான். சட்டமும் பட்டையும் இல்லாததால் கிடைத்த இடம் முழுவதும் மைக்கு.

ஒட்டுவதற்குப் பசை எதுவானாலும் ஆகாது. வேகப்பசை ரப்பரை விறைக்க வைத்து வெடிக்கச் செய்யும். இந்த வேலைக்கு நூறாண்டுக்கு மேலாக அவலரக்குதான். சாராயத்தில் கரைத்த அரக்கைக் கார்ட்ரிட்ஜ் துண்டின் வெளிப்புறம் 5 மி.மீ. அகலத்துக்குப் பூசி, பையின் வாயை விரித்து மாட்டி, ஒருநாள் முழுக்க உலர விடுகிறார்கள். காய்ந்தபின் மைக்கும் நீருக்கும் அசையாது. நாளைக்குப் பை பழுதானால் இலேசான சூடு காட்டினாலே இளகி வந்துவிடும். பிடித்த பிடியை வேண்டும்போது விடுகிற இந்தக் குணம் செயற்கைப் பசைகளில் அரிது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பேனா பழுது பார்க்கும் மேசைகளில் இருக்கும் இந்த அரக்கில் பெரும்பகுதி, ஜார்க்கண்ட் போன்ற இந்திய மாநிலங்களின் காட்டு மரங்களில் அரக்குப் பூச்சி சுரந்தது. பழைய செல்லுலாய்டு உடலாக இருந்தால் ரப்பர் பைக்குப் பதில் சிலிகான் பை நல்லது. ரப்பர் விடும் கந்தக ஆவி வெளிர்நிறச் செல்லுலாய்டை நாளடைவில் பழுப்பாக்கிவிடும். ஆனால் சிலிகானை அரக்கு பிடிக்காது. அதற்கென்று தனிப் பசை வேண்டும்.

இத்தனை பாடும் தேவையா என்ற கேள்வி நியாயமானது. பெரும்பாலான சட்டைப்பைப் பேனாக்களுக்குச் சிறந்த கன்வெர்ட்டர், கன்வெர்ட்டரே அல்ல. காலியான கார்ட்ரிட்ஜும் ஒரு மழுங்கல் ஊசிச் சிரிஞ்சும்தான். இரண்டுமுறை நீரால் அலசி, புட்டியிலிருந்து சிரிஞ்சில் மை எடுத்து, ஊசியைக் கார்ட்ரிட்ஜின் அடிவரை விட்டு நிரப்பினால் காற்றுக் குமிழி சிக்காது. கான்-40-ஐப் போல இருமடங்கு மை, அசலுக்கே உரிய பொருத்தம், செலவு ஒன்றுமில்லை. கார்ட்ரிட்ஜின் வாய் பலமுறை கழற்றி மாட்டியபின் தளர்ந்துவிடும் என்பது மட்டுமே குறை. முளையில் ஏறும்போது இறுக்கம் கையில் தெரியவில்லையென்றால் தூக்கிப்போட்டுவிட வேண்டும். கன்வெர்ட்டருக்கு மிச்சமிருக்கும் உண்மையான மேன்மை ஒன்றுதான். மை நிப்பு வழியாகவும் நாக்கு வழியாகவும் ஏறுவதால் ஒவ்வொரு நிரப்பலும் அந்தப் பாதையை அலசிவிடுகிறது. நாற்பது ஆண்டு மேசை இழுப்பறையில் கிடந்து நாக்கில் மை காய்ந்த பேனாவுக்கு இது பெரிய உதவி. அதற்காகவே ஒரு குட்டைக் கன்வெர்ட்டரை வாங்கி வைத்து, வெதுவெதுப்பான நீரை ஏற்றி இறக்கிச் சுத்தம் செய்துவிட்டு, எழுதுவதற்குக் கார்ட்ரிட்ஜுக்கு மாறிவிடுவது புத்திசாலித்தனம். கொதிநீரும் சாராயமும் பழைய பிளாஸ்டிக்குக்கு எமன்.

இன்னொரு குறுக்குவழி, கன்வெர்ட்டரும் வேண்டாம் கார்ட்ரிட்ஜும் வேண்டாம் என்று உடலுக்குள்ளேயே மையை ஊற்றிவிடுவது. இங்க் ஃபில்லரால் மை ஊற்றும் பேனாவில் எழுதிப் பழகியவர்களுக்கு இதுதான் முதலில் தோன்றும். திருவள்ளூரில் இன்றும் கையால் கடைந்து செய்யப்படும் கருங்காலி நிற எபொனைட் பேனாக்கள் பல இந்த வகைதான். ஆனால் அவை அதற்கென்றே தடித்த சுவரும் நீண்ட மரையும் வைத்துச் செய்தவை. ஜப்பானியச் சட்டைப்பைப் பேனாக்களில் பலவற்றுக்கு உடல் உலோகம், அல்லது உள்ளே உலோக உறை. மை அதை அரிக்கும். அமிலத்தன்மை மிகுந்த இரும்பு மை இன்னும் சீக்கிரம் அரிக்கும். வெப்பக் கணக்கும் இதற்கு எதிராகவே நிற்கிறது. 20 டிகிரி அறையிலிருந்து எடுத்த பேனா சட்டைப்பையில் உடல்சூட்டுக்கு வந்தால், உள்ளே இருக்கும் காற்று, அதில் சேரும் நீராவியோடு சேர்ந்து ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விரியும். கன்வெர்ட்டரில் 0.3 மி.லி. காற்று இருந்தால் தள்ளப்படும் மை 0.03 மி.லி., ஒரு சொட்டுக்கும் குறைவு. நாக்கின் பல்வரிசை அதைத் தாங்கிக்கொள்ளும். 2 மி.லி. காற்று இருந்தால் நான்கு சொட்டு, பேனா கக்கிவிடும். உடல் முழுதும் பிளாஸ்டிக்கால் ஆன கவேகோ ஸ்போர்ட் என்ற குட்டிப் பேனாவில் மரைக்குச் சிலிகான் கிரீஸ் தடவி ஊற்றி எழுதுவோர் பலர். அதுவும் மேசையோடு இருக்கும் பேனாவுக்குச் சரி, பயணத்துக்கு ஆகாது. கவேகோவுக்கென்றே குட்டைத் திருகு வகையும் அழுத்து வகையும் கிடைக்கின்றன. இரண்டின் கொள்ளளவையும் குட்டைக் கார்ட்ரிட்ஜ் எளிதில் தோற்கடித்துவிடும்.

குட்டையாக இல்லாமல் ஒல்லியாக இருப்பதாலும் இதே சிக்கல் வரலாம். ஷீஃபர் நிறுவனம் 1976-இல் கொண்டுவந்த டார்கா பேனாவின் மெல்லிய வடிவத்தில் சாதாரண ஷீஃபர் திருகுக் கன்வெர்ட்டர் நுழையாது. அதற்கென்று ஒல்லியான அழுத்து வகை ஒன்று இருந்தது. உற்பத்தி நின்று பல காலமாகிறது. பழையது கிடைத்தால் அதன் பை பெரும்பாலும் விறைத்தோ பிசுபிசுத்தோ போயிருக்கும். சட்டத்தைப் பிரித்துப் பையை மட்டும் மாற்றுவதுதான் நடைமுறை. வாட்டர்மேன் சி/எஃப் இன்னும் இக்கட்டு. அதன் கார்ட்ரிட்ஜே இப்போது வருவதில்லை, ஆகவே நறுக்கி ஒட்டுவதற்குக்கூட மூலப்பொருள் இல்லை.

1920-களின் வளையமூடிப் பேனாக்களுக்கு இந்தக் கட்டுரையில் இடமே இல்லையென்று சொல்லலாம், ஆனால் அவற்றிலும் கன்வெர்ட்டரைத் திணிக்க முயல்வோர் இருக்கிறார்கள். சங்கிலியிலோ நாடாவிலோ கோத்துக் கழுத்தில் தொங்கவிட்ட அந்தச் சுண்டுவிரல் பேனாக்களின் கழுத்தில் இருப்பது ரப்பர் பை மாட்டும் முளை. கார்ட்ரிட்ஜ் பிறக்கும் முன்பே செய்தவை. வால்டர் ஷீஃபர் 1908-இல் காப்புரிமை பெற்ற நெம்புகோல் முறையில் பக்கவாட்டு நெம்புகோலைத் தூக்கினால் உள்ளே பை நசுங்கும். இவற்றுக்குத் தேவை புதிய பை மட்டுமே. முளையைச் சுரண்டிக் கன்வெர்ட்டருக்குப் பொருத்தப் போனால் பேனாவின் மதிப்பும் போகும், மை பிடிக்கும் அளவும் குறையும்.

எந்த வழியில் பொருத்தினாலும் மை ஊற்றுமுன் நீரில் சோதிப்பது வழக்கம். நகைக்கடைத் தராசு போல நூறில் ஒரு கிராம் காட்டும் சிறு தராசு இருந்தால் கொள்ளளவும் தெரிந்துவிடும். வெறும் பேனாவை நிறுத்து, நீர் ஏற்றி வெளியே துடைத்து மறுபடி நிறுத்தால் வித்தியாசம் எத்தனை கிராமோ அத்தனை மி.லி. பெட்டியில் போட்ட அளவுக்கும் இந்த அளவுக்கும் இடையே கால்பங்கு குறைந்தால், நிரப்பும்போது நிப்பு முழுதாக முங்கவில்லை அல்லது முளையருகே காற்று புகுகிறது. பிறகு கழுத்தை உடலில்லாமல், நிப்பு கீழே இருக்கும்படி ஒரு குவளையில் காகிதக் கைக்குட்டைமேல் இரவு முழுக்க நிறுத்திவைக்க வேண்டும். நிப்பு தொடாதபடி கழுத்தைத் தாங்கிப் பிடித்திருந்தால், காலையில் காகிதம் உலர்ந்தே இருக்கும். கன்வெர்ட்டரும் முளையும் சேரும் இடத்தில் ஈரம் தெரிந்தால் அது பொருந்தவில்லை. அழுத்திப் பார்ப்பதில் பயனில்லை, வேறு கன்வெர்ட்டர்தான். ஈரம் நிப்பு நுனியில் மட்டும் என்றால் நாக்கு நிப்போடு ஒட்டி உட்காரவில்லை. அது கன்வெர்ட்டரின் குற்றமல்ல, நிப்பைச் சீர்செய்பவரின் வேலை.